ஒற்றைக் கைக்கு ஒரு வில்

ஓகஸ்ட் 17, சனி

நாட்குறிப்பு எழுதச் சொன்னது எனக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் பெண். இரண்டு கைகளின் வேலையும் வலது கையில் விழுந்துவிட்டதால் விரல்களைப் பழக்கத்தில் வைத்திருக்க வேண்டுமாம். நாளுக்குப் பத்து வரி. என்ன எழுதுவது என்று கேட்டேன். உண்மையாக எதையாவது எழுதுங்கள் என்றாள். எதையாவது என்றால் எழுதலாம்.

இன்று மூன்றாம், ஐந்தாம் அறைகளின் விரிப்புகளை மாற்றினேன். ஏழாம் அறையில் குழாய் ஒழுகுகிறது. வடக்கு ஒன்ராறியோவில், நெடுஞ்சாலை ஓரத்தில், பின்னால் முழுக்கக் காடாக நிற்கிறது எங்கள் எட்டு அறை மோட்டல். நானும் மனைவி இந்துமதியும்தான் முதலாளி, துப்புரவாளர், குழாய் திருத்துபவர் எல்லாம். மூன்று வருடங்களுக்கு முன் பனியில் சறுக்கிய லொறி ஒன்று என் காரில் இடித்தது. தோளில் நரம்பு வேரோடு அறுந்து, அன்றிலிருந்து இடது கை தொங்குகிறது. அது என்னோடு எங்கும் வரும், வேலைக்கு மட்டும் வராது.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இந்த வருடம் மான் வேட்டைக்குப் போகப் போகிறேன். துவக்கு சரிவராது. சுடும்போது அதன் உதையை மிச்சமிருக்கிற தோளில் வாங்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். துவக்கு மாதிரி விசையை இழுத்து அம்பு எய்யும் குறுக்குவில் வாங்கப் போகிறேன்.

தேநீர்க் கோப்பை ஒன்று உடைந்தது. சவர்க்கார வழுக்கல்.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

இந்த வயதில் என்னத்துக்கு வேட்டை என்று இந்துமதி கேட்டாள். உடம்புக்கு நல்லது என்றேன். அது காரணம் அல்ல.

வன்னியில் எங்கள் ஊரில் வேட்டை இறைச்சி பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. தலையும் ஈரலும் துவக்கால் வெடி வைத்தவனுக்கு. காட்டுக்குப் போன மற்ற எல்லாருக்கும் சம பங்கு, சும்மா தடியோடு போனவனுக்கும் கூட. ஒரு முன்னங்காலை மட்டும் முதலே எடுத்து வைத்துவிடுவார்கள். அது ஆண் துணை இல்லாத வீடுகளுக்கு.

இந்துமதியின் தம்பி சீலன் இங்கிருந்து அரை மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறான். விபத்துக்கு முன் ஒவ்வொரு நவம்பரும் நானும் அவனும் ஒன்றாகத்தான் காட்டுக்குப் போனோம். போன நவம்பரில் அவன் தன் வேலையிடத்து ஆட்களோடு போய்விட்டு, வரும் வழியில் எங்கள் வாசலில் நின்று அக்காவின் கையில் ஒரு பொதி கொடுத்தான். பிரித்தால் முன்னங்கால். வேண்டுமென்று செய்பவன் அல்ல அவன். பழக்கத்தில் கை தானாக அதை எடுத்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது. நான் உயிரோடு கதிரையில் இருக்கிறேன், என் வீட்டுக்கு விதவைப் பங்கு வருகிறது.

இந்துமதி நல்ல உறைப்பாகக் கறி வைத்தாள். நானும் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது.

ஓகஸ்ட் 24, சனி

காலை வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். ஒரு மணித்தியால ஓட்டம். கடைக்காரர் ரோய்க்கு அறுபது வயதிருக்கும், செந்தாடி. என் தொங்கும் கையைப் பார்த்தார், ஆனால் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள்ளவில்லை. தன் இடது கையை இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டு, நீங்கள் எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படியே நானும் செய்து பார்க்கிறேன், எது சரிவருகிறதோ அதை எடுப்போம் என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

முதல் வில்லில் நாணைக் கயிறு போட்டு இழுக்க வேண்டும். கயிற்றுக்கு இரண்டு பிடிகள். ரோய் ஒற்றைக் கையால் இழுத்தார், முகம் தாடியின் நிறத்துக்கு வந்தது, நாண் ஒரு பக்கமாகக் கோணி வந்தது. கோணிய நாண் கோணலாகத்தான் அம்பை விடும் என்று அதைத் திருப்பி மாட்டிவிட்டார். இரண்டாவதில் சுழற்றும் கைப்பிடி தனியாக இருந்தது. அதைப் பொருத்தும்போது வில்லை யார் பிடிப்பது? தொடைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார், பல்லால் கவ்விப் பார்த்தார். இந்துமதி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நாளாகிறது.

மூன்றாவது வில்லில் கைப்பிடி பின்கட்டையோடு சேர்ந்தே இருந்தது. முன்னால் உள்ள வளையத்துக்குள் காலை வைத்து மிதித்துக்கொண்டு சுழற்றினால் நாண் நேராகப் பின்னால் வரும். நடுவில் கையை எடுத்தாலும் விட்ட இடத்தில் நிற்கும். எய்யாமல் திரும்பி வர நேர்ந்தால், அம்பை எடுத்துவிட்டு, கைப்பிடியை மறுபக்கம் சுற்றி நாணை மெதுவாக இறக்கலாம். மற்ற வில்களை இறக்குவதற்கு ஒரே வழி அம்பைத் தரையில் எய்வதுதானாம். பாரம் தாங்க முக்காலி ஒன்று கொடுத்தார். வில் அதில் உட்காரும், என் கை விசைக்கு மட்டும்.

அந்த விசையிலும் இரண்டு வகை இருந்தது. ஒன்று இறுக்கமானது, மற்றது தொட்டால் போகிறது. ரோய் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். விரலை மெதுவாக உள்ளே விடுங்கள், விசையில் பட்டதும் சொல்லுங்கள் என்றார். நான் இடது கண்ணை மயிரிழை அளவு திறந்து வைத்திருந்தேன். பட்டது என்று சரியான நேரத்தில் சொன்னேன். பார்த்துச் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

கடையில் குளிரூட்டி அதிகம். விரல் கொஞ்சம் விறைத்துப்போயிருந்தது.

இறுக்கமான விசை எனக்கு வரவில்லை. மெல்லியதைக் கேட்டேன். ரோய் தாடியைச் சொறிந்தார். மெல்லிய விசை விரலில் நல்ல உணர்வு உள்ளவர்களுக்குத்தான், நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். இந்துமதி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓகஸ்ட் 27, செவ்வாய்

சாவி இரண்டு தடவை விழுந்தது. புதுச் சாவிக்கொத்து கனம்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

மோட்டலின் பின்பக்கம், இருபது அடிக்கு ஒன்றாக மூன்று இடத்தில் கல் வைத்துப் பழகுகிறேன். நுரைக்கட்டையில் வட்டம் வரைந்திருக்கிறேன். நாற்பது அடியில் பத்துக்கு ஏழு உள்ளே. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு வேலையை யாரையும் கூப்பிடாமல் தொடக்கம் முதல் முடிவு வரை நானே செய்கிறேன். கைப்பிடியைச் சுற்றுவது, அம்பை வைப்பது, விசை தவறிப் போகாமல் தடுக்கும் பூட்டைத் தள்ளுவது, விசை. எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது.

எட்டாவது அம்புக்குப் பிறகு சுட்டுவிரலும் பெருவிரலும் யாரோ ஒருவருடைய விரல்கள் மாதிரி இருந்தன. களைப்பு.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

இன்று ஓர் அம்பு தானாகப் போய்விட்டது.

நான் விசையைத் தொடவில்லை. தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. பூட்டை எடுத்துவிட்டு முக்காலியை வலப்பக்கம் நகர்த்தினேன், அவ்வளவுதான். சத்தம் கேட்ட பிறகுதான் வில் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். நுரைக்கட்டையில் அம்பு இல்லை. தேடித் தேடிப் பார்த்தால் உடுப்புக் காயப்போடும் கம்பத்தில், என் நெஞ்சு உயரத்தில், பாதி இறங்கி நிற்கிறது. பக்கத்தில் ஐந்தாம் அறை விரிப்புகள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றை இந்துமதி காயப்போட்டு முடித்து உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருக்கும்.

என் நெஞ்சு உயரம் என்றால் அவளுக்குக் கழுத்து.

அம்பை இழுக்க முடியவில்லை. வெளியே நின்ற தண்டை வெட்டி எடுத்தேன். துளைக்கு மேல் உடுப்புக் கவ்விகள் போடும் பையைக் கொழுவிவிட்டேன். மெல்லிய விசையில் ஏதோ பழுது. ரோய்க்குச் சொல்ல வேண்டும்.

செப்ரெம்பர் 16, திங்கள்

ரோய்க்குச் சொல்லவில்லை. சொன்னால் வில்லைக் கொண்டுவரச் சொல்வார். கொண்டுபோனால் இன்னொரு தடவை கண்ணை மூடச் சொல்வார்.

செப்ரெம்பர் 29, ஞாயிறு

என்னுடைய சேட்டுகள் எல்லாவற்றிலும் விரலால் பூட்டும் தெறிகளை வெட்டிவிட்டு ஒட்டும் பட்டி தைத்து வைத்திருக்கிறாள் இந்துமதி. அலுமாரியைத் திறந்தபோதுதான் கண்டேன். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சோற்றுக்குக் கரண்டியும் வைக்கிறாள் இப்போது. விரலால் பிசைந்தால் சூடு தெரியாமல் இரண்டு தடவை வாயைச் சுட்டுக்கொண்டேன். கவனக்குறைவு.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

சீலன் வந்தான். வில்லைத் தோளில் வைத்துப் பார்த்து, "அத்தான், உங்கட சாமான் என்ர துவக்கை விட வடிவாயிருக்கு" என்றான். பின்காட்டில், ஓடைக்கு இந்தப்பக்கம், மான் தடம் ஒன்று தெளிவாக ஓடுகிறது. தடத்தைப் பார்த்தபடி கிளைகளால் ஒரு மறைப்புக் கட்டி, கதிரையும் வைத்துத் தந்தான். இந்த மாதக் கடைசிச் சனி வருவதாகச் சொன்னான். நான் அதற்கு முதல் தனியே போய் ஒன்றை விழுத்திவிட்டால் அவனுக்குப் பங்கு நான் பிரிப்பேன். எது எந்த வீட்டுக்கு என்று யோசித்துப் பிரிப்பேன்.

இந்துமதியும் கூட வந்தாள். பாதை தெரிந்திருந்தால் நல்லது என்றாள். காட்டுக்குள் நாங்கள் மூன்று பேரும் ஊர்ப் பழக்கத்துக்கே போய்விட்டோம். யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஊரில் எங்களுடையது கரடிக் காடு. சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள்: காட்டுக்குள் ஆளைக் கூப்பிடுவதென்றால் இரண்டு தரம் விசில். பெயர் சொல்லிக் கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், ஆபத்து உனக்குக் கிட்ட நிற்கிறது, ஆடாமல் அசையாமல் கல்லாக நில். ஓடினவனைத்தான் கரடி துரத்தும். இந்துமதியின் தகப்பன் ஒருமுறை அவளை இப்படிக் கத்தி நிறுத்தியிருக்கிறார். ஏழு வயதில், கால் மணித்தியாலம் நின்றாளாம்.

ஒக்ரோபர் 12, சனி

எழுத்து கோணுகிறது. பேனா சரியில்லை.

இல்லை. பேனா நல்ல பேனா. பட்ட காலிலே படும் என்பார்கள், எனக்குப் படாத கையிலே படுகிறது. ஓகஸ்டிலிருந்து தெரியும். அதற்கு முதலே தெரியும். கழுத்திலிருந்து ஒரு சுள்ளென்ற இழுப்பு, பிறகு விரல்கள் இல்லை. வைத்தியரிடம் சொன்னால் அவர் அதற்கு ஒரு பெயர் வைப்பார். பெயர் வைத்தால் அது வந்து வீட்டில் குடியிருக்கும்.

இந்தக் கையும் போனால் இந்துமதி எனக்கு ஊட்ட வேண்டிவரும். ஊட்டுவது மட்டும் என்றால் பரவாயில்லை. கழுவிவிடவும் வேண்டும். எட்டு அறையையும் பார்த்து, என்னையும் பார்த்து. அப்படி ஒரு நாள் வருவதற்கு முன்

இதை இதோடு விடுகிறேன்.

ஒக்ரோபர் 19, சனி

ஒன்றும் கிடைக்கவில்லை. வில் விழுந்துவிட்டது.

ஒக்ரோபர் 21, திங்கள்

சனிக்கிழமை எழுதிய இரண்டு வரி போதாது. எழுதித்தான் ஆகவேண்டும். ஒரு வரிக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு எழுதுகிறேன்.

சனி விடியற்காலை இந்துமதி எழும்ப முதல் போய்விட்டேன். பத்து மணிக்குத் திரும்பி வருவேன் என்று குசினி மேசையில் துண்டு எழுதி வைத்தேன். நல்ல குளிர், உறைபனி. மறைப்புக்குள் இருந்து நாணை ஏற்றி, அம்பு வைத்து, முக்காலியில் வில்லைத் தடத்துக்கு நேராக இருத்தினேன். ஏழரை மணிபோல ஒரு பெண்மான் வந்தது. பூட்டைத் தள்ளினேன். கையுறையோடு விரலை உள்ளே விட்டேன். மான் என் பக்கம் பார்த்தது, பிறகு ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டது.

பூட்டைத் திரும்பப் போடப் பார்த்தேன். பெருவிரல் அசையவில்லை. கழுத்தில் அந்த இழுப்பு வந்து போயிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே எனக்கு எதுவும் இல்லை. கையுறைக்குள் சுட்டுவிரல் எங்கே இருக்கிறது, விசைக்கு முன்னாலா, அதன் மேலேயா? கண்ணால் பார்த்தும் தெரியவில்லை. கையை வெளியே இழுத்தால் விரல் கொளுவிக்கொண்டு விசையையும் இழுக்கும். இழுக்காமலும் விடலாம். எனக்குத் தெரியாது. தொலைபேசி சட்டைப்பையில் இருந்தது, அதை எடுக்க இன்னொரு கை வேண்டும்.

அப்படியே இருந்தேன். வெயில் ஏறினால் உணர்வு வரும் என்று இருந்தேன். முழங்கை நோகத் தொடங்கியது. ஒரு இலை விழுந்தாலும் நெஞ்சு தூக்கிப்போட்டது. என் வாழ்க்கையில் ஷெல் அடிக்குள் பதுங்கு குழியில் இருந்திருக்கிறேன். அங்கே ஆபத்து வெளியே இருந்தது. இங்கே அது என் தோளில் தொடங்கி விரலில் முடிந்தது.

பத்து மணி தாண்டியிருக்கும். தடத்தில் மண்ணிறமாக ஒன்று அசைந்தது. வில்லின் மேல் உள்ள குறிபார்க்கும் கண்ணாடி, ஸ்கோப், என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. முதலில் முதுகு என்று நினைத்தேன். சுட வேண்டும் என்று நினைத்தேன். அதையும் எழுதுகிறேன், நினைத்தேன். பிறகு அது நிமிர்ந்தது. என்னுடைய பழைய மண்ணிறக் குளிர்ச்சட்டை. அதற்குள் இந்துமதி. மான் தடத்தால், சத்தமில்லாமல், அடி வைத்து அடி வைத்து நேராக என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

"இந்துமதி!"

அதுதான் நான் செய்த பிழை. விசில் அடித்திருந்தால் அவள் பக்கவாட்டில் விலகி வந்திருப்பாள். வேறு எந்த மனிசியாக இருந்தாலும் பெயரைக் கேட்டதும் என்ன என்று நகர்ந்திருப்பாள், குனிந்திருப்பாள். இவள் நின்றுவிட்டாள். தகப்பன் பழக்கின மாதிரி, கையும் காலும் கல்லாக, அம்புக்கு நேர் முன்னால். ஸ்கோப் வட்டத்துக்குள் அவளுடைய கழுத்துச் சால்வை தெரிந்தது. கண்கள் மட்டும் எங்கே கரடி என்று தேடின.

"நகரும்!" என்று கத்த வாய் வரவில்லை. மூச்சு விட்டாலே விசை போய்விடும் என்று பயம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது. முக்காலியின் முன்காலை உதைத்தேன். வில் தலைகுப்புறச் சரிந்தது, சரியும்போதே நாண் அடித்தது. அம்பு எங்களுக்கு நடுவில் சேற்றுக்குள் போனது. நான் கதிரையோடு விழுந்தேன்.

அவள் ஓடி வந்து தூக்கினாள். முக்காலி சறுக்கிவிட்டது என்றேன். அவள் என் கையுறையைக் கழற்றி, விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். தேய்க்கிறாள் என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒக்ரோபர் 24, வியாழன்

வைத்தியரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். ஓர் ஊசியை வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார். இந்த முறை இரண்டு கண்ணையும் மூடினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

இது என்னுடைய எழுத்து அல்ல. நான் சொல்லச் சொல்ல இந்துமதி எழுதுகிறாள். அவளுடைய எழுத்து என்னுடையதை விட வடிவு, ஆனால் கேள்வி அதிகம் கேட்கிறாள்.

விபத்தில் கழுத்தெலும்பு ஒன்று விலகி, மூன்று வருடமாக மெல்ல மெல்ல நரம்பை நெரித்துக்கொண்டு வந்திருக்கிறது. பதினான்காம் திகதி சத்திரசிகிச்சை. கை திரும்பலாம். இருக்கிற அளவில் நிற்கலாம். இன்னும் முந்தி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் வைத்தியர். எத்தனை மாதம் முந்தி என்று நான் கேட்கவில்லை. வில்லைச் சீலன் ரோயிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். கண்ணைத் திறந்து வைத்திருந்ததை ரோய்க்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர், யாருக்காவது காயமா என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை இந்துமதிக்கு நான் வாயால் சொல்லவில்லை. எழுதிவைத்தேன், வாசித்திருப்பாள் என்று இருந்துவிட்டேன். கோழைக்கு நாட்குறிப்பு நல்ல வசதி. இன்று சொல்கிறேன், எழுதும் என்றேன். ஸ்கோப் கண்ணாடிக்குள் நான் உம்மைக் கண்டேன். விரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கம்பத்தில் உள்ள துளையும் என் அம்புதான். அவள் பேனாவை வைக்கவில்லை. எழுதி முடித்தாள்.

பிறகு நான் கேட்டேன். காட்டுக்குள் ஆளைத் தேடி வரும்போது விசில் அடிக்க வேண்டும் என்று தெரிந்தவள், ஏன் ஒரு சத்தமும் போடாமல் வந்தாள் என்று.

பத்து மணிக்கு வருவேன் என்ற துண்டை எடுக்கும்போது அதற்குக் கீழே இந்தக் கொப்பியும் கிடந்ததாம். அன்றுதான் முதல் தடவை திறந்தாளாம். ஒக்ரோபர் பன்னிரண்டு வரை வாசித்திருக்கிறாள். அந்த முடியாத வரி வரை. அவள் சொன்னதை அவளையே எழுதச் சொல்கிறேன்.

"நீங்கள் மானுக்குத்தான் போனியள் எண்டு நான் நினைக்கேல்லை. விசில் அடிச்சு, உங்களிட்டையிருந்து பதில் வராட்டி? அந்தப் பயத்திலதான் சத்தம் போடாமல் வந்தனான்."

வெளியே இரண்டாம் அறைக்காரர் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தார். எழுதும் என்றேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

"ரெண்டு பேருக்கும் எண்டு போடட்டோ?" என்று கேட்டாள்.

போடச் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் பயமாக இருக்கிறது.